பெங்களூரு வாடகை ஏஜென்சி வேலை: சாவி, மீட்டர், அட்வான்ஸ் – விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

புது_ஆள் | 14 ஜூன் 2025

வணக்கம். இந்திரா நகர்ப் பக்கம் ஒரு வாடகை ஏஜென்சியில் பீல்டு வேலைக்குச் சேர்கிறேன். 140 பிளாட்டுகள் வரை ஓனர்கள் சார்பில் பார்த்துக்கொள்கிறார்கள். வீடு காட்டுவது, அக்ரிமென்ட், ரிப்பேர், காலி செய்யும்போது கணக்கு முடிப்பது எல்லாம் உண்டு. சென்னைப் பழக்கத்தோடு வருகிறேன். இங்கே எது வேறு மாதிரி, எந்த இடத்தில் கை சுடும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'சிரித்த முகத்தோடு பேசு' வகை அறிவுரை வேண்டாம்.

---

சாவிக்கொத்து

தம்பி, முதல் வாரம் வேறு எதையும் விட சாவிப் பலகையைப் படி. ஏஜென்சியில் நடக்கிற பாதிக் குளறுபடி அங்கேதான் தொடங்கும்.

சாவி டேக்கில் பிளாட் நம்பரோ அபார்ட்மென்ட் பெயரோ எழுதவே கூடாது. வழியில் விழுந்தால் எடுத்தவனுக்கு விலாசமும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. 'கே 47' போல ஒரு குறியீடு மட்டும் டேக்கில். எது எந்த வீடு என்கிற பட்டியல் பூட்டிய டிராயரில், சாவிப் பலகை இருக்கிற அறையில் இல்லாமல் வேறு இடத்தில்.

ஒரு வீட்டுக்கு 'ஒரு செட் சாவி' என்று எழுதுவது அர்த்தமில்லாத வரி. மெயின் டோர் எத்தனை, சேஃப்டி டோர் எத்தனை, படுக்கையறை, பால்கனி, லெட்டர் பாக்ஸ், கேட் அக்சஸ் கார்டு, கார் ஸ்டிக்கர் என்று தனித்தனியாக எண்ணிக்கை போடு. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி போட்டோ எடு. குடிவருபவரின் கையெழுத்து அந்த எண்ணிக்கைக்குக் கீழே வர வேண்டும்.

வெளியே போகிற சாவிக்கு நேரம், யார், எதற்கு என்று மூன்று கட்டம். மாலை 7 மணிக்குப் பலகையில் எண்ணிப் பார்த்து, வராத சாவிக்கு அன்றைக்கே போன். மற்ற புரோக்கர் கேட்டால் சாவியைக் கையில் கொடுக்காதே, நீயே போய்த் திறந்து காட்டு.

சாவி தொலைந்தால் முழுப் பூட்டையும் மாற்றச் சொல்லி ஓனர் குதிப்பார். புது அபார்ட்மென்டுகளில் பெரும்பாலும் சிலிண்டர் பூட்டுதான். கதவின் ஓரத்தில் இருக்கிற ஒரே ஒரு நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைக் கொஞ்சம் திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். 60 மி.மீ.யா 70 மி.மீ.யா என்று அளந்துகொண்டு கடைக்குப் போ. கண்ணளவில் வாங்கினால் கதவுக்கு வெளியே மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும்.

---

அல்சூர்_அக்கா

சாவிக்கொத்து அண்ணா சொன்னதோடு சீசன் கணக்கையும் சேர்த்துக்கோ. சென்னையிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

இங்கே கன்னடக்கார ஓனர்கள் ஆஷாடத்தில் வீடு கொடுக்கத் தயங்குவார்கள், அவர்களில் குடிபோகிறவர்களும் தயங்குவார்கள். நம் ஆட்களுக்கு ஆடி. இரண்டும் ஒரே மாதம் என்று நினைத்துவிடாதே. ஆஷாடம் அமாவாசைக் கணக்கு, ஆடி சூரியக் கணக்கு. இந்த வருஷம் (2025) ஆஷாடம் ஜூன் 26 முதல் ஜூலை 24 வரை. ஆடி ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. தமிழ்க் குடும்பமும் கன்னட ஓனரும் சேர்ந்தால் ஏறக்குறைய ஏழு வாரம் அப்படியே நிற்கும். ஓனருக்கு ஜூலை கடைசியில் சிராவணம் பிறந்து வழி திறக்கும்போது நம் ஆட்களுக்கு ஆடி பாதிகூட முடிந்திருக்காது. வட இந்தியப் பசங்களுக்கு இது எதுவும் கிடையாது என்பதால், அந்த ஏழு வாரமும் அவர்களுக்கு ஒத்துக்கொள்கிற ஓனர்களின் வீடுகளை முன்னால் தள்ளு.

காலையில் வருகிற போன்களில் நேரம் வீணாகாமல் இருக்க, வீடு காட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டியவை: எத்தனை பேர், எந்தத் தேதிக்கு, ஆபீஸ் எங்கே, கார் உண்டா, நாய் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு வரை முடியும். ஓனர் பக்கத்து நிபந்தனையையும் (சைவம் மட்டும், குடும்பம் மட்டும் என்பது போல) போனிலேயே சொல்லிவிடு. நியாயமா என்பது வேறு பேச்சு. வாசல் வரை ஒருத்தரை வரவைத்து அதைச் சொல்வது அசிங்கம்.

கார் கேள்வி முக்கியம். பழைய அல்சூர், மர்பி டவுன் தெருக்களில் 'பார்க்கிங் உண்டு' என்றால் பைக் நிற்கும் என்றுதான் அர்த்தம். நீயே ஒரு தடவை டேப் வைத்து அளந்து, எத்தனை அடி என்று விளம்பரத்தில் போடு.

---

புது_ஆள்

நன்றி அண்ணா, அக்கா. பத்து மாச அட்வான்ஸ் இன்னும் இருக்கிறதா? சென்னையில் சட்டம் மூன்று மாசம் என்கிறது. இங்கே எந்தச் சட்டத்தில் இது ஓடுகிறது?

---

கணக்கு_நோட்டு

பத்து மாதம் தனி வீட்டு ஓனர்களிடம் இன்னும் காதில் விழும். அபார்ட்மென்டுகளில் ஐந்து, ஆறு மாதம் என்பது சாதாரணம்.

நீங்கள் சொல்வது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலம் தனியாக இயற்றினால்தான் செல்லும். கர்நாடகத்தில் 1999 வாடகைச் சட்டம் இருக்கிறது, அது மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போன வீடுகளைத் தொடாது. 3,500-க்கு இந்திரா நகரில் பைக் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. ஆக, நீங்கள் பார்க்கப்போகும் 140 வீடுகளுக்கும் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் கையெழுத்தான அக்ரிமென்டும்தான். அதனால் அக்ரிமென்டின் ஒவ்வொரு வரிக்கும் எடை உண்டு.

11 மாதம் ஏன் என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான். பதிவு வேண்டாம் என்பதால் ஸ்டாம்ப் வேண்டாம் என்று ஆகாது. இ-ஸ்டாம்ப் எடுக்கும்போது முதல் தரப்பு, இரண்டாம் தரப்புப் பெயர்கள் ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். குறைவான ஸ்டாம்பில் எழுதியதை நீதிமன்றத்தில் நீட்டினால், குறைந்த தொகையோடு பத்து மடங்கு அபராதம் கட்டினால்தான் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

ஓனர் உண்மையில் ஓனர்தானா என்பதற்கு கரண்ட் பில் போதாது, பழைய வீடுகளில் அது பில்டர் பெயரிலேயே கிடக்கும். கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), சொத்து வரி ரசீது, பத்திரப்பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று, மூன்றையும் பாருங்கள். ஓனர் வெளிநாட்டில் இருந்து அண்ணனோ மாமனாரோ கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் வாடகைக்கு விடவும் அட்வான்ஸ் வாங்கவும் அதிகாரம் இருக்கிறதா என்று படியுங்கள். விற்க மட்டும் கொடுத்த பவரும் சுற்றுகிறது.

வரி. மாத வாடகை 50,000-க்கு மேல் போனால் குடியிருப்பவர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதாவது வாடகையிலேயே வரியைக் கழித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது. பழைய அக்ரிமென்ட் மாதிரியில் 5 என்றே இருக்கும், திருத்துங்கள். 60,000 வாடகை, ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை 11 மாதம் என்றால் மொத்தம் 6,60,000. பிடித்தம் 13,200. மாதாமாதம் வேண்டாம், நிதியாண்டின் கடைசி மாதத்திலோ காலி செய்யும் மாதத்திலோ ஒரே தடவை. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அதற்கான படிவம். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். டான் நம்பர் (வரி பிடிப்பவர் எடுக்கும் தனி எண்) தேவையில்லை, ஓனரின் பான் போதும்.

ஓனர் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்றால் இந்த 50,000 கணக்கே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 31.2 சதவீதம், டான் எடுக்க வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும், வாடகை ஓனரின் என்ஆர்ஓ கணக்குக்கு (என்ஆர்ஐக்களின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) போக வேண்டும். குடியிருப்பவருக்கு இதை டோக்கன் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள். பின்னால் தெரிந்தால் சண்டை ஓனரோடு இல்லை, ஏஜென்சியோடு.

---

மாடிவீட்டு_ஓனர்

எல்லாரும் குடியிருப்பவர் பக்கமே பேசுகிறீர்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்பது இந்த ஊர் வழக்கம். அதை ஏஜென்சிக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவைக்காததால்தான் கடைசி நாளில் ஓனர் கெட்டவன் ஆகிறான்.

---

சாவிக்கொத்து

> பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்பது இந்த ஊர் வழக்கம்

வழக்கம்தான் ஓனர் சார், மறுக்கவில்லை. ஆனால் அக்ரிமென்டில் எழுதாத வழக்கம் செல்லாது. 1882 சட்டம் 108-ஆம் பிரிவே வழக்கமான தேய்மானத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டாதே என்கிறது. மூன்று வருஷம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்குவது தேய்மானம். 11 மாதத்தில் சுவரில் 22 ஆணி ஓட்டை சேதம். எழுதுகிறவர் 'பெயின்டிங், கிளீனிங் சேர்த்து நிலையாக இவ்வளவு ரூபாய்' என்று தொகையாக எழுதினால் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. 'ஒரு மாத வாடகை' என்று எழுதினால் வருஷா வருஷம் 5 சதவீதம் ஏறிய வாடகையா, முதல் வாடகையா என்று அதிலேயே ஒரு சண்டை வரும்.

தம்பி, அட்வான்ஸ் சண்டை காலி செய்யும் நாளில் நடந்தாலும், அதன் முடிவு குடிவந்த நாளிலேயே எழுதப்பட்டுவிடும். 35,000 வாடகை, ஆறு மாச அட்வான்ஸ் என்றால் 2,10,000 ரூபாய் நடுவில் நிற்கிறது. அதனால் குடிவரும் நாளில் 45 நிமிஷம் ஒதுக்கு.

சாமான் உள்ளே வருவதற்கு முன் வீட்டை வீடியோ எடு. வாசலில் தொடங்கி இடது கைச் சுவரை ஒட்டியே எல்லா அறையும் சுற்றி மறுபடி வாசலுக்கு வா. இப்படிச் சுற்றினால் ஒரு மூலையும் விடாது. வீடியோ ஒரே ஓட்டம். அதற்குப் பிறகு பழுது இருக்கிற இடங்களுக்கு மட்டும் போட்டோ, இரண்டிரண்டு: தூரத்தில் ஒன்று எந்தச் சுவர் என்று தெரிய, பக்கத்தில் ஒன்று ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அளவு தெரிய. வெறும் பக்கத்துப் போட்டோவை வைத்து 'இது எந்த ரூம்' என்று இரண்டு வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வடிகிற வேகம் பார். ஃப்ளஷ் அடித்து, டேங்க் நிரம்பி நிற்கிறதா என்று காத்திரு. கீசரைப் போட்டுப் பத்து நிமிஷம். ஒவ்வொரு ஸ்விட்சும், மொபைல் சார்ஜரை வைத்து ஒவ்வொரு பிளக்கும். மாடுலர் கிச்சன் டிராயர் எல்லாவற்றையும் முழுசாக இழு. சிங்க் அடியில் பலகை ஊறியிருக்கிறதா என்று விரலால் அழுத்து. கீழே ஊறிப்போன பலகைதான் அடிக்கடி வருகிற பிடித்தம், யாரும் குனிந்து பார்க்காததால்.

எல்லாம் மெயிலில் அதே நாள் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் போன் மாற்றும்போது காணாமல் போகும், படமும் சுருங்கிவிடும். 'ஏழு நாளுக்குள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள்' என்று ஒரு வரி சேர்.

---

மாடிவீட்டு_ஓனர்

நிலையான தொகை யோசனை சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆணி ஓட்டைக்கும் ஒரு எண்ணிக்கை எழுதிவிடலாம் போலிருக்கிறது.

---

தண்ணி_டேங்கர்

யாரும் தண்ணீரைத் தொடவில்லையே. இந்த ஊரில் வீடு காட்டும்போது குடும்பஸ்தர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். 'காவேரி வருது சார்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, சம்ப் எத்தனை லிட்டர், போர்வெல் எத்தனை, கோடையில் டேங்கர் வாங்கினார்களா. கடைசிக் கேள்விக்கு செக்யூரிட்டியிடம் கேள், அசோசியேஷனிடம் கேட்காதே. வெளிவட்டத்தில் இருந்த 110 கிராமங்களுக்காகத்தான் 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் திறந்தார்கள், நாளுக்கு 775 மில்லியன் லிட்டர். ஆனால் தெருவில் குழாய் வந்ததும் அபார்ட்மென்ட் பணம் கட்டி இணைப்பு எடுத்ததும் வேறு வேறு விஷயம்.

ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது எடுக்கும் அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு 540. இருபது வீடு இருந்தால் 10,800 லிட்டர், அதாவது போர் வற்றினால் ஏறக்குறைய நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், 6,000 லிட்டருக்கு 600 என்று விலை கட்டியது. அந்த விலையில் கிடைத்தாலே வீட்டுக்கு மாதம் 1,500 கூடும். இதை யார் தருவது என்று அக்ரிமென்டில் இல்லாவிட்டால் மார்ச் மாதம் உன் போன் ஓயாது. 'மெயின்டெனன்ஸ் ஓனர், டேங்கர் தண்ணீர் உபயோகப்படி குடியிருப்பவர்' என்று பிரித்து எழுது.

கரண்டுக்கு: ஆர்ஆர் நம்பர் (இணைப்பு எண்), அக்கவுன்ட் ஐடி இரண்டையும் குறித்துக்கொள். மீட்டர் கீழே வரிசையாக இருக்கும், பெயின்டில் எழுதின பிளாட் நம்பரை நம்பாதே. வீட்டு மெயினை அணைத்துவிட்டு எந்த மீட்டரின் லைட் மினுக்குவது நிற்கிறது என்று கீழே ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பில் கட்டுகிற குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. பழையவர் தன் ஆதாரை அந்த அக்கவுன்டிலிருந்து விடுவித்தால்தான் புதியவர் சேர முடியும். காலி செய்கிறவரின் கணக்கு முடிக்கும் தாளில் இதையும் ஒரு வரியாகப் போடு, போன பிறகு அவரைப் பிடிக்க முடியாது. 200 யூனிட் எல்லாருக்கும் இலவசம் என்றும் சொல்லி வைக்காதே. பழைய சராசரி உபயோகமும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் இலவசம். வரலாறு இல்லாத புது இணைப்புக்கு 53 யூனிட்டும் அதில் 10 சதவீதமும்.

---

புது_ஆள்

ரிப்பேர் போன் வந்தால் பிளம்பரை அனுப்புவதா எலக்ட்ரீஷியனை அனுப்புவதா என்று எப்படி முடிவு செய்வது? தப்பான ஆளை அனுப்பினால் வந்த கூலி யார் தலையில்?

---

தண்ணி_டேங்கர்

தப்பான ஆளை அனுப்பினால் உங்கள் ஆபீஸ் தலையில்தான். அதனால் போனிலேயே இரண்டு கேள்வி.

கீசர்: 'எது விழுகிறது?' ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) விழுந்தால் எலிமென்டில் மின்கசிவு. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட் அல்லது லோடு. எதுவும் விழவில்லை, லைட்டும் எரியவில்லை என்றால் சூடு மீறினால் கீசரை அணைக்கும் கட்அவுட் பட்டன் தட்டியிருக்கலாம், அதற்கும் எலக்ட்ரீஷியன்தான். லைட் எரிகிறது, வெந்நீர் மெதுவாக வருகிறது என்றால் எலிமென்டில் சுண்ணாம்புப் படிவு. போர் தண்ணீர் ஓடுகிற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து சுரண்ட வேண்டும். இது இயல்பான பராமரிப்பா, ஓனர் செலவா என்று முன்பே பேசி வை.

கீழ்வீட்டு சீலிங்கில் ஒழுகல்: 'எப்போதும் சொட்டுகிறதா, குளித்த பிறகு மட்டுமா?' எப்போதும் என்றால் பிரஷர் இருக்கிற சப்ளை குழாய். குளித்த பிறகு என்றால் வடிகால் அல்லது டைல் இணைப்பு. சந்தேகமாக இருந்தால் தரை வடிகாலைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கி, கீழ்வீட்டில் ஈரம் கூடினால் தரைதான். டைல் உடைக்கிறேன் என்று வருகிறவனை அதற்கு முன் உள்ளே விடாதே.

மேல்மாடிச் சுவர் ஊறினால் செப்டம்பர் வரை தள்ளிப் போடாதே. இங்கே பெரிய மழை அப்போதுதான்.

---

அல்சூர்_அக்கா

இன்னொன்று. இங்கே 'லீஸ்' என்றால் சென்னையில் ஒத்தி என்கிறோமே அது. மொத்தப் பணம் கட்டி, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம் ஆட்கள் நிறையக் கேட்பார்கள். ஓனர் அந்த வீட்டின் பேரில் வாங்கின கடனைக் கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை எடுக்கும், லீஸ் கட்டினவர் தெருவில். இதைவிட மோசம், இடையில் ஒருவர் குடியிருப்பவரிடம் 15 லட்சம் லீஸ் வாங்கிக்கொண்டு, ஓனருக்கு மாத வாடகை மட்டும் கட்டுவது. வாடகை நிற்கிற அன்றைக்கு இருவரும் ஏமாந்திருப்பார்கள். லீஸ் என்றால் பத்திரப்பதிவு, வில்லங்கச் சான்று, ஓனர் நேரில். மூன்றில் ஒன்று இல்லை என்றால் கமிஷனை மறந்துவிடு.

---

கணக்கு_நோட்டு

காலி செய்யும் நாளுக்கு ஒரு வரிசை: அபார்ட்மென்ட் என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) ஒரு வாரம் முன்பே விண்ணப்பம். பைப் கேஸ் இருந்தால் கடைசி ரீடிங். சாமான் ஏறிய பிறகு, வெறும் வீட்டில் பழைய வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே அதே இடது சுவர்ச் சுற்று. கரண்டுக்கு, கடைசிப் பில்லின் ரீடிங்குக்கும் இன்றைய ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றே பிடித்துவிடுங்கள், அடுத்த பில் வரட்டும் என்று அட்வான்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். சேதம் இருந்தால் எஸ்டிமேட்டோடு அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி, மீதியை அன்றே அனுப்பச் சொல்லி ஓனரைத் தள்ளுங்கள். சேதம் 8,000 என்றால் 2,10,000-ஐயும் பிடித்துவைப்பதில் நியாயம் இல்லை.

---

புது_ஆள்

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது டோக்கன் கொடுத்து, ஜூன் 25-க்குள் பால் காய்ச்சிவிட்டு, ஆவணியில்தான் குடிவருவேன் என்று ஒரு குடும்பம் கேட்டால் மீட்டர் ரீடிங், வாடகை எல்லாம் எந்தத் தேதியிலிருந்து?

---

சாவிக்கொத்து

சாவி கைமாறுகிற தேதி. பால் காய்ச்ச மட்டும் என்றால் நீ கூடப் போய்த் திறந்து, ரீடிங் எடுத்து, சாவியைத் திரும்ப வாங்கி வந்துவிடு, அதுவரை வாடகை ஓடாது. ஆனால் அத்தனை நாள் வீட்டைக் காலியாக நிறுத்தி வைக்க ஓனர் சம்மதம் மெயிலில் வேண்டும். சாவியை அவர்களே வைத்துக்கொண்டால் அன்றிலிருந்து வாடகை. பூட்டிவிட்டு வரும்போது மெயின் வால்வை அடை, கீசர் எம்சிபியை இறக்கு, எல்லா பாத்ரூம் வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் போய் மறுபடி ஊற்ற வேண்டும், இல்லையென்றால் வடிகால் காய்ந்து சாக்கடை வாடையும் கரப்பானும்தான் முதலில் குடிவரும்.